விசில் ஊதிய பிறகும் ஓயாத சண்டை: விளையாட்டு குரூப்களில் பேச்சு ஏன் கெடுகிறது?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலில் தொடங்கி நீரோடி வரை, கால்பந்து ஆடாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சின்னத்துறை, தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று எந்த ஊரில் போட்டி நடந்தாலும் பக்கத்து ஊர்க் கூட்டம் வந்துவிடும். அது அமைதியான கூட்டம் ஒன்றும் இல்லை. ரெஃப்ரியைத் திட்டும், லைன்ஸ்மேனைத் திட்டும், சில சமயம் கோட்டைத் தாண்டி உள்ளேயும் இறங்கிவிடும். ஆனாலும் இருட்டுவதற்குள் அந்தச் சண்டை எப்படியோ ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

அதே ஆட்கள் ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆப்சைடைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மூன்று நாளானாலும் முடிவதில்லை. பேச்சு ஆப்சைடில் இருந்து ஆட்டக்காரருக்குப் போகும், அங்கிருந்து அவரை ஆதரிப்பவருக்கு, அப்புறம் அவருடைய ஊருக்கும் வீட்டுக்கும். பாதிப் பேர் வெளியேறுவார்கள், இரண்டு பேர் புதுக் குரூப் தொடங்குவார்கள்.

"இந்தக் காலத்துப் பையன்களுக்கு மரியாதை தெரியாது" என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம். அது பொருந்தவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்களும் குரூப்பில் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆளை விட, பேசும் இடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் பெரிய காரணம். அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பேச்சின் நான்கு வகை

1. விவாதம்: ஒரு கூற்று இருக்கும், அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தவறு என்று காட்டினால் கூற்றை மாற்றிக்கொள்ள இடமும் இருக்கும்.

2. கலாய்ப்பு: உண்மையான ஒன்றை எடுத்து எதிரணியைச் சீண்டுவது. சென்னையின் எஃப்சி 2015இலும் 2017-18 சீசனிலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துக் கோப்பை வென்றது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2021-22 என மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றது. "கப்பு எங்க மக்கா?" என்று ஒருவர் கேட்பதும், "உங்க ஸ்டேடியத்துல ஆள் எங்க அண்ணே?" என்று பதில் வருவதும் இந்த வகை. இது இல்லாவிட்டால் விளையாட்டுப் பேச்சே சப்பென்று போய்விடும்.

3. ட்ரோல்: எதிரில் இருப்பவர் நிதானம் இழக்க வேண்டும் என்பதே நோக்கம். சொல்வது உண்மையா பொய்யா என்பது பொருட்டே இல்லை.

4. வசையும் மிரட்டலும்: இங்கே ஆட்டம் காணாமல் போய்விடுகிறது. ஒரு ஆளின் மதம், சாதி, ஊர், நிறம், வீட்டுப் பெண்கள், உயிர் ஆகியவையே குறி.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள கோடு ஆளுக்கு ஆள் நகரும். கூடப் படித்தவன் சொன்னால் கலாய்ப்பு, முகம் தெரியாதவன் சொன்னால் ட்ரோல். நான்காவதில் அப்படி ஒரு சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒரே சண்டைக்குள் நான்கு கேள்விகள்

பெரும்பாலான விளையாட்டுச் சண்டைகள் முடியாமல் இழுப்பதற்கு ஒரு எளிய காரணம், இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது. எந்தச் சர்ச்சையையும் இப்படிப் பிரிக்கலாம்:

1. விதி என்ன சொல்கிறது? புத்தகத்தைத் திறந்தால் முடிந்துவிடும் கேள்வி இது. 2022 அக்டோபர் 23 அன்று மெல்போர்னில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் டி20 ஆட்டத்தின் கடைசி ஓவரில், நோபாலுக்குப் பிறகு வரும் ஃப்ரீ ஹிட் பந்தில் கோலியின் ஸ்டம்ப் தெறித்தது. பந்து விலகி ஓட, அவர் மூன்று ரன் ஓடினார். "ஸ்டம்பில் பட்டால் பந்து செத்துவிடும், ரன் கிடையாது" என்று ஒரு பக்கம் கத்தியது. ஃப்ரீ ஹிட்டில் பவுல்டு என்று அவுட் கொடுக்க முடியாது. அவுட் இல்லாததால் பந்து உயிரோடுதான் இருக்கிறது, ஓடிய ரன், பேட்டில் படாத ரன்களுக்கான 'பை' கணக்கில் சேரும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு வேலையே இல்லை.

2. உண்மையில் நடந்தது என்ன? பந்து கையில் பட்டதா, கால் கோட்டுக்கு முன்னால் இருந்ததா? இதைக் காணொளி தீர்க்கலாம், தீர்க்காமலும் போகலாம்.

3. மதிப்பீடு: அந்த டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை அதிகமா? மெஸ்ஸியா ரொனால்டோவா? காரணங்களை அடுக்கலாம், ஆனால் முடிவான பதில் கிடையாது.

4. பற்று: "எங்க டீம், அவ்வளவுதான்." இதற்கு யாரும் காரணம் கேட்கவும் கூடாது, சொல்லவும் தேவையில்லை.

முதல் கேள்வியை ஒருவர் கேட்க, நான்காவதில் இருந்து இன்னொருவர் பதில் சொன்னால் சண்டை எங்கே முடியும்?

பெங்களூரு, 2023 மார்ச் 3

இந்த மாவட்டத்தின் கால்பந்து குரூப்களில் இன்றும் கிளறினால் புகையும் சம்பவம் இது. கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் நாக்அவுட் ஆட்டம், பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. 90 நிமிடம் முடிந்தபோது யாருக்கும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96ஆவது நிமிடத்தில், பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் ஆட்டக்காரர்களைச் சுவர் போல நிறுத்திக்கொண்டிருந்த நேரத்தில் சுனில் சேத்ரி பந்தை நேராக வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினார். பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டு அரையிறுதிக்குப் போனது.

"விசில் அடிக்காமல் எப்படி ஃப்ரீ கிக்?" என்பதே அப்போது எங்கும் கேட்ட கேள்வி. விதிப்படி ஃப்ரீ கிக்கை எடுக்க ஒவ்வொரு முறையும் விசில் வேண்டியதில்லை. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்கும் வரை காத்திருக்காமல், தாக்கும் அணி விரும்பினால் உடனே எடுக்கலாம். அட்டை காட்டும்போது, காயம் அல்லது மாற்று ஆட்டக்காரருக்காக ஆட்டம் நிற்கும்போது, நடுவரே சுவரைத் தள்ளி நிறுத்தி தூரத்தைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டபோது என்று சில சமயங்களில்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆக, விதி பற்றிய கேள்வி அங்கேயே தீர்ந்தது. மிச்சம் இருந்தது இரண்டாவது கேள்வி: நடுவர் தூரத்தைச் சரிபார்க்கும் வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டாரா, இல்லையா? பிளாஸ்டர்ஸ் தரப்பின் வாதம் உண்மையில் இதில்தான் நிற்க முடியும். ஐஎஸ்எல்லில் வீடியோ உதவி நடுவர் வசதி இல்லாததால் அன்று மைதானத்திலேயே மறுபடி பார்க்கவும் வழியில்லை.

இதற்கு மேல் இன்னும் இரண்டு கேள்விகள் தனியாக நிற்கின்றன. கோல் தவறு என்றே வைத்துக்கொண்டாலும் பாதியில் வெளியேறலாமா? வெளியேறியதற்குக் கொடுத்த தண்டனை அளவானதா? அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தது. கோல் சரி என்று நினைக்கும் ஒருவர், 4 கோடி அதிகம் என்றும் நினைக்கலாம். கோல் தவறு என்று நினைப்பவர், வெளியேறியது அதைவிடப் பெரிய தவறு என்றும் சொல்லலாம். குரூப்பில் இந்தக் கலவைக்கெல்லாம் இடம் கிடைக்காது. "நீ எந்தப் பக்கம்?" என்பது மட்டும்தான் கேட்கப்படும்.

கேள்வி கேட்டவனெல்லாம் வயிற்றெரிச்சல்காரனா?

2022 டிசம்பர் 18, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 108ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி அடித்த கோலின்போது, பந்து கோட்டைத் தாண்டும் முன்பே அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் இருவர் உற்சாகத்தில் மைதானத்துக்குள் கால் வைத்திருந்தார்கள். பிரான்ஸ் பத்திரிகை ஒன்று இதைக் கிளப்பியது. உடனே உலகம் முழுக்க அர்ஜென்டினா ரசிகர்கள் பாய்ந்தார்கள், நம் கடற்கரையில் நீலமும் வெள்ளையுமாகக் கொடி கட்டியவர்கள் உட்பட.

ஆனால் அந்தக் கேள்வியில் சரக்கு இருந்தது. கோல் அடித்த அணியின் கூடுதல் ஆள் யாராவது உள்ளே இருந்ததை, ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் நடுவர் கண்டால், கோலை ரத்து செய்ய வேண்டும் என்றுதான் அப்போதைய விதியின் வாசகம் போனது. நடுவர் ஷிமோன் மார்சினியாக்கின் பதிலும் நல்ல பதில். எம்பாப்பே கோல் அடித்தபோது ஏழு பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே நிற்கும் படத்தைத் தன் கைபேசியில் எடுத்துக் காட்டினார். வாசகத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் இரு பக்கமும் அடி வாங்கும் என்பதுதான் அதன் பொருள். அடுத்த ஆண்டு விதிகளைத் திருத்தியபோது, கூடுதல் ஆள் ஆட்டத்தைப் பாதித்தால் மட்டுமே நடவடிக்கை என்று தெளிவாக்கிவிட்டார்கள்.

விதிகளை வகுப்பவர்களையே யோசிக்க வைத்த ஒரு கேள்வியை, குரூப்களில் "தோத்தவன் அழுகிறான்" என்ற ஒரே மீமில் முடித்துவிட்டார்கள். வசை கெட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். வசை இல்லாமலேயே ஒரு நல்ல கேள்வி இப்படி அமுங்கிப் போவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கண்ணே கட்சி கட்டும்

எதிரணி ரசிகன் பொய் சொல்கிறான் என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, அவன் உண்மையிலேயே வேறு ஒன்றைப் பார்த்ததால் வருவது. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரு கல்லூரிகள் மோதிய முரட்டு ஆட்டம் ஒன்றை வைத்து ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் 1954இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்த எண்ணிக்கை, டார்ட்மவுத் மாணவர்கள் குறித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

அப்படியென்றால் "வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசு" என்று சொல்வதால் மட்டும் சண்டை ஓயாது. வீடியோ ஒன்று, பார்க்கும் மனசு இரண்டு.

சியால்டினி என்பவரும் அவர் குழுவும் 1976இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் மாணவர்கள் "நாங்கள்" என்று பேசினார்கள், தோற்றால் "அவர்கள்" என்று தள்ளிவைத்தார்கள். நம் ஊரில் "நாம ஜெயிச்சாச்சு" என்பதும் "இவனுங்க தோத்துட்டானுங்க" என்பதும் அதேதான். அணியின் வெற்றி சொந்த மானமாகிவிட்ட பிறகு, அணியைப் பற்றிய விமர்சனமும் சொந்த அவமானமாகத்தானே படும்?

மைதானத்தில் உண்டு, கைபேசியில் இல்லை

ஊர்ப் போட்டி நோட்டீஸைப் பார்த்தால் அடியில் ஒரு வரி இருக்கும்: "நடுவரின் தீர்ப்பே இறுதியானது." தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று அந்த வரி சொல்லவில்லை. தவறாகவே இருந்தாலும் இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்ற உடன்பாடு அது. அந்த வரிக்குப் பின்னால் கமிட்டி இருக்கிறது, தேவாலயத்தின் பங்குப் பேரவை ஆட்கள் இருக்கிறார்கள், "ஏலே, போதும் வா" என்று தோளைப் பிடித்து இழுக்கும் மாமனோ சித்தப்பாவோ இருக்கிறார். நாளைக்கு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போக வேண்டிய ஆட்கள் என்பதால் எந்த அளவோடு நிறுத்துவது என்பது இருவருக்கும் தெரியும்.

கைபேசிக் குரூப்பில் இதில் எதுவும் இல்லை. இல்லாதவற்றையும், புதிதாக வந்து சேர்ந்தவற்றையும் வரிசையாகச் சொல்லலாம்:

1. முடிவு இல்லை. கடைசியாகப் பேசியவர் ஜெயித்தது போல ஒரு தோற்றம். அதனால் யாரும் கடைசியாகப் பேசாமல் இருப்பதில்லை.

2. முகம் இல்லை. சொன்னது எதிராளியை எப்படித் தைத்தது என்பது தெரியாது. முகமறியா இடத்தில் மனிதர்களின் கூச்சம் கழன்றுபோவதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இலேயே விளக்கிவிட்டார். ஊர்க் குரூப்பில் பெயர் தெரியும், முகம்தான் முன்னால் இல்லை. அதுவே போதுமானதாக இருக்கிறது.

3. பார்வையாளர் அதிகம். வாட்ஸ்அப் குரூப்பில் 256 பேர் என்றிருந்த வரம்பு 2022இல் 1024 ஆனது. இரண்டு பேர் பேசுவது போலத் தெரியும் சண்டையை வளைகுடாவிலும் கொச்சித் துறைமுகத்திலும் இருக்கும் நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் "சரி, நான் சொன்னது தப்பு" என்று யார் ஒப்புக்கொள்வார்?

4. நேர வித்தியாசம். டிவியில் பார்ப்பவருக்கு முன்னால் தெரியும் கோல், ஆப்பில் பார்ப்பவருக்குச் சில நொடிகளில் இருந்து அரை நிமிடத்துக்கு மேல் கூடப் பிந்தி வரும். பெனால்டிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் திரையில் "கோல்ல்ல்" என்று செய்தி குதித்தால் அவருக்கு எரிச்சல் வரும். பல சண்டைகளின் முதல் பொறி கொள்கை எதுவும் இல்லை, இந்த நெட் தாமதம்தான். சிரிப்பாக இருந்தாலும் உண்மை.

5. ஸ்கிரீன்ஷாட். மைதானத்தில் கத்தியது காற்றோடு போகும். இங்கே எழுதியது சூழலில் இருந்து பிடுங்கப்பட்டு இன்னொரு குரூப்புக்குப் போகும். ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாது என்ற தடையை வாட்ஸ்அப் இந்தியாவில் 2018இல் கொண்டுவந்தது. அது வேகத்தைக் குறைத்ததே தவிர நிறுத்தவில்லை.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இங்கே பலரும் சிறு மைதானத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடி வளர்ந்தவர்கள். செவன்ஸில் பெரும்பாலும் ஆப்சைட் பார்ப்பதில்லை. பந்துக்காரனின் உடல் எப்படித் திரும்பும், டேக்கிள் பந்தில் பட்டதா காலில் பட்டதா என்பது இவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அதே ஆட்கள் தோள்பட்டை அளவு ஆப்சைடுக்கு டிவியில் கோடு போடும்போது தடுமாறுவது இயல்பு. ஆட்டம் தெரியாதவன் என்று அவர்களைக் கேலி செய்வது அநியாயம்.

கொச்சியா, சென்னையா?

குமரிக்கே உரிய ஒரு சிக்கல் இது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. சாலை வழியே நாகர்கோவிலில் இருந்து கொச்சி 300 கிலோமீட்டருக்குள், சென்னை 700 கிலோமீட்டர் அளவில். தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்களில் பெரும்பங்கினருக்குக் கொச்சிதான் தொழில் துறைமுகம். கரையில் நிற்கும் நாட்களில் அவர்கள் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் பிளாஸ்டர்ஸை ஆதரிப்பது அக்கம்பக்கத்துப் பழக்கம், அதில் அரசியல் எதுவும் கிடையாது.

சென்னையின் எஃப்சி ஆதரவாளர் ஒருவர் "தமிழனா இருந்துட்டு இப்படியா?" என்று கேட்கும் நொடியில் கால்பந்து முடிந்து எல்லைப் பிரச்சினை தொடங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் இருந்து, தமிழரைக் குறிக்கும் "பாண்டி" என்ற பழைய ஏளனம் வரும். நான்காவது கேள்வியான பற்றுக்கு இங்கே கணக்குக் கேட்கிறார்கள். ஒருவர் எந்தக் கிளப்பை ஆதரிக்கிறார் என்பதை வைத்து அவர் மொழிப் பற்றை அளக்க முடியாது. அளக்கத் தொடங்கினால், பார்சிலோனாவை ஆதரிக்கும் பையனை ஸ்பெயினுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு அபத்தம் என்பதற்கு இரவிபுத்தன்துறையே சாட்சி. அந்த ஊர்ச் சகோதரர்கள் மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டி எஃப்சிக்கு ஆடினார்கள். சூசைராஜ் பிறகு ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார். 2020 நவம்பர் 20 அன்று ஏடிகே மோகன் பகானுக்காகக் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக இறங்கியவர், ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அந்த சீசனே அவருக்குப் போயிற்று. கடற்கரையில் உள்ள ஒரு பிளாஸ்டர்ஸ் ரசிகர் அந்த இரவு எந்தப் பக்கம் நிற்பார்? மஞ்சள் பக்கமா, ஊர்ப் பையன் பக்கமா, தமிழ்நாட்டுப் பக்கமா? மூன்றும் அவருக்கு உண்டு, மூன்றும் மோதிக்கொள்ளத் தேவையுமில்லை.

ஊர்ப் பையன்கள் பெரிய கிளப்புக்குப் போகும் இடத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. "இவன் காலை உடைக்கணும்" என்று குரூப்பில் ஒருவர் எழுதுவதை ஆட்டக்காரரின் அம்மாவோ அண்ணனோ அதே குரூப்பில் இருந்து படிக்க நேரலாம். ரொனால்டோவைத் திட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பலருக்கும் எழுதும்போது உறைப்பதில்லை.

வசை ஏறும் படிகள்

2021 ஜூலை 11 யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ரேஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டார்கள். அன்றிரவே அவர்கள் கணக்குகளில் நிறவெறி வசை குவிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது முகமது ஷமியை அவர் மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது கேவலம் என்று கேப்டன் கோலி பகிரங்கமாகச் சொல்ல வேண்டி வந்தது. 2022 செப்டம்பர் 4 அன்று ஆசியக் கோப்பையில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்ச்சை விட்டார். விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்தையே திருத்தி, தனி சீக்கிய நாடு கேட்கும் காலிஸ்தான் கோரிக்கையோடு முடிச்சுப் போட்டார்கள்.

மூன்று சம்பவம், இரண்டு நாடு, ஒரே படி வரிசை: செயலில் தொடங்கி, செய்தவருக்குப் போய், அவர் பிறந்த கூட்டத்தில் முடிகிறது. 2022 உலகக் கோப்பையின்போது ஃபிஃபா 2 கோடி பதிவுகளை ஆராய்ந்ததில் 19,000க்கும் மேற்பட்டவை வசை என்று அடையாளம் காணப்பட்டன. மொத்தப் பேச்சில் அது சிறு துளி. பெரும்பாலான ரசிகர்கள் வசைபாடுவதில்லை. சிலர் பாடுவது எல்லார் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதான்.

குமரியில் இதற்குக் கூடுதல் எடை உண்டு. 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தின் நினைவு உள்ள மாவட்டம் இது. மதத்தையோ, கடற்கரை, உள்நாடு என்ற பிரிவையோ தொட்டு எழுதும் ஒரு வரி மற்ற ஊர்களில் போல இங்கே லேசாகக் கடந்து போகாது.

அட்மின் கையில் இருப்பது

அறிவுரை பலிக்காது, அமைப்பை மாற்றினால் கொஞ்சம் பலிக்கும். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்கு "அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்ற அமைப்பைப் போட்டு வைத்தாலே சூடு பாதி இறங்கும். மற்றவர் செய்தியை நீக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. எதை நீக்குவோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தோற்ற அன்று மட்டும் நீக்கினால் அட்மினே ஒரு கட்சி ஆகிவிடுவார். இரண்டு எதிரெதிர் அணி ஆதரவாளர்களை அட்மினாக வைப்பது இன்னும் நல்லது. சர்ச்சை வந்தால் "இது விதிக் கேள்வியா, நடந்தது பற்றிய கேள்வியா?" என்று ஒருவர் கேட்டாலே பேச்சு கொஞ்சம் நிதானப்படும். விதி என்றால் விதிப் புத்தகத்தின் பக்கத்தைப் போட்டு முடித்துவிடலாம்.

சட்டம் எந்த இடத்தில் நுழைகிறது?

முரட்டுத்தனமாகப் பேசியதற்காகவே யாரையும் கைது செய்ய முடியாது. அதற்குப் பயன்பட்டு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. "உன் டீம் குப்பை" என்பது வழக்காகாது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் மற்றச் சட்டங்களும் கீழே உள்ளவற்றுக்குப் பொருந்தும்:

1. உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல்: பிரிவு 351. பெயரை மறைத்து மிரட்டினால் தண்டனை கூடும்.

2. மதம், மொழி, சாதி அடிப்படையில் பகையைத் தூண்டுதல்: பிரிவு 196.

3. பெண்ணின் மாண்பைக் குலைக்கும் சொல்: பிரிவு 79. ஆட்டக்காரரின் மனைவியையோ தங்கையையோ இழுக்கும் "ஜோக்"குகள் இதில் மாட்டலாம்.

4. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதி சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துதல்: 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

5. ஆபாசப் படம் பகிர்தல்: தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 67.

உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் உள்ளே போவாரா என்ற பயம் பலருக்கும் உண்டு. அட்மின் வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர் என்றால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் எடுத்தது. குமரி மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் இதே திசையில் தீர்ப்புச் சொன்னது. அட்மினே சேர்ந்து திட்டினாலோ, திட்டமிட்டுத் தூண்டினாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பாதிக்கப்பட்டவர் செய்தியை அழிப்பதற்கு முன், அனுப்பியவரின் கைபேசி எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 1930 என்ற உதவி எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது.

எழுதியவருக்கு வரும் சிக்கல் தண்டனையோடு நிற்பதில்லை. கடற்கரை இளைஞர்களில் பலரும் வளைகுடா வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், அதற்குக் காவல்துறைத் தடையின்மைச் சான்று கேட்பார்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆவது பிரிவு, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க அதிகாரம் தருகிறது. அப்படி ஒரு வழக்கு உள்ளவர் வெளிநாடு போக வேண்டுமானால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். பாஸ்போர்ட்டை எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்பதை அந்த உத்தரவை வைத்துத்தான் பாஸ்போர்ட் அலுவலகம் முடிவு செய்யும்.